ஏழாம் நம்பரின் கறுப்புப் பெட்டி

"பெற்றோல் பைப்பை ஆர் பூட்டினது?"

ஒரு பெண் அழுதுகொண்டு வந்து, என் புருசனின் மானம் நாலு மணிக்குப் போகப்போகிறது என்று சொன்னால், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதுதான் உலக வழக்கம். எங்கள் பத்மாசனி அக்காவுக்கு அந்த வழக்கம் கிடையாது, கேள்விதான் கேட்பா. இன்சூரன்ஸ் கொம்பனிக்காக அடிபட்ட வாகனங்களைப் பார்த்துப் பார்த்து, மனிசரை விட இரும்பைத்தான் அவா அதிகம் நம்புவா. அவாவின் உதவியாளன் ஆண்டியப்பன், அதாவது நான், என் பங்குக்குக் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். ஷமீலா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணிச் சனிக்கிழமை. செட்டிகுளத்தில் ஒரு குளம் வற்றிக் கிடக்க, அதன் தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி. வேப்பமரத்தில் இரண்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனமெல்லாம் வந்திருந்தது. போட்டிக்கு ஒரே சட்டம்தான்: சைக்கிள் கொம்பனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டும். சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற சைக்கிளிலேயே வந்து ஓடிவிட்டு அதிலேயே வீட்டுக்குப் போகலாம்.

அந்தச் சட்டத்தைப் பைறூஸ் மீறிவிட்டான் என்று காலையில் பிடித்திருந்தார்கள். ஷமீலாவின் புருசன், ஏழாம் நம்பர். அவனுடைய சீற்றுக்குக் கீழே கொம்பனிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் சிங்கப்பூர்க் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்ததாம். பிளக்குக்கு எந்த நொடியில் நெருப்புக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற எலெக்ட்ரோனிக் பெட்டி. கொம்பனி போட்டது ஒரு அளவுக்கு மேல் இஞ்சினைச் சுற்ற விடாது. சிங்கப்பூர்ப் பெட்டிக்கு அந்தக் கடிவாளம் இல்லை. விலையோ கோதாரி! அந்தக் காசுக்கு இன்னொரு பழைய சைக்கிளே வாங்கலாம்.

"நாலு மணிக்கு மைக்கில அவர்ட பேரைச் சொல்லி வெளியில போகச் சொல்லப் போறாங்க அக்கா," என்றாள் ஷமீலா. "கள்ளன் எண்டு பேர் எடுத்தா ஆர் அவர்ட கராஜுக்குச் சைக்கிள் கொண்டு வருவாங்க? புத்தளத்தில இருந்து வந்து கராஜ் திறந்து இன்னும் ஒரு வருசம் ஆகல்ல."

பைறூஸ் மண்ணில் குந்தியிருந்து ஒரு தடியால் கீறிக்கொண்டிருந்தான். "மைக் எண்டாலே எனக்குப் பயம் மிஸ்," என்றான். "தொண்ணூறில முல்லைத்தீவில எங்கட முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொன்னதும் மைக்கிலதான். எனக்கு அப்ப பன்ரண்டு வயசு. வாப்பா சோத்துக் கோப்பையை அப்பிடியே வச்சிட்டு எழும்பினார்."

நான் கச்சான் உடைப்பதை நிறுத்தினேன். அக்கா பழைய கேள்விக்கே வந்தா, ஆனால் இந்த முறை குரல் இளகியிருந்தது. "பைப் கதையை முதல்ல இருந்து சொல்லுங்கோ."

"காலமை ஷெட்டில இருந்து எடுத்தா ஸ்டார்ட் வரல்ல," என்றாள் ஷமீலா. "குனிஞ்சு பார்த்தா டாங்கிக்குக் கீழ பெற்றோல் வாற பைப்பைத் திருகிப் பூட்டிக் கிடக்கு. நான்தான் தட்டுப்பட்டுப் பூட்டிட்டன் எண்டு இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னைப் பேசினார்."

"பைப்பைத் திறந்த உடன ஸ்டார்ட் வந்ததோ?"

"இல்ல மிஸ். அதுக்குப் பிறகும் கனதரம் உதைச்சன். காபரேற்றர் காய்ஞ்சு கிடந்தது," என்றான் பைறூஸ். "நான் ஒருநாளும் பைப்பைப் பூட்டுறதில்ல. சாவியைத் திருப்பினா சரி, இறங்கிப் போயிருவன்."

"அப்ப ஆரோ உம்மட இஞ்சினை ஓடவிட்டிருக்கினம். ஓட ஓடப் பைப்பைப் பூட்டியிருக்கினம். உள்ள நிண்ட பெற்றோல் எரிஞ்சு முடிஞ்சு அது தானா அணைஞ்சிருக்கு."

"பேய் ஏதும் சவாரி போயிருக்குமோ?" என்றேன்.

"பேய்க்குப் பெட்டி மாத்தத் தெரியாது ஆண்டி. உம்மட பழைய பெட்டி எங்க பைறூஸ்?"

"காணேல்ல மிஸ். அதில பச்சை டேப் சுத்தியிருப்பன். வயர் உராயாமல் இருக்க."

சைக்கிள்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சங்கக்கடை ஷெட்டில் பூட்டியிருந்தன. சாவிகளைச் சைக்கிளிலேயே விட்டுவிட வேண்டும் என்பது போட்டி நடத்துகிற கழகத்தின் கட்டளை. ஷெட்டுப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று கழகச் செயலாளர் யோகநாதன் சேரிடம். மற்றது கதிர்காமத்தம்பி முதலாளியிடம். வவுனியா டவுனில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருப்பவர், கப் முழுவதும் அவர் காசு. வெள்ளி மத்தியானம் பைறூஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டான். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

யோகநாதன் சேர் மைக் மேசையடியில் நின்றார். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் வயலும் செய்து, கணக்கும் படிப்பித்தவர். சண்டை நின்று பாதை திறந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். வந்த கையோடு இந்தப் போட்டியை உண்டாக்கியவரும் அவர்தான். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"பாவம் பொடியன்," என்றார். "ஆனா கண்ணால கண்டதை நான் மறைக்கேலாது பிள்ளை."

"இவ்வளவு சைக்கிளுக்குள்ள ஏழாம் நம்பரை ஏன் திறந்தனீங்கள் சேர்?"

"காலமைப் பயிற்சி ஓட்டத்தில திடீரெண்டு பறந்தது. போன கிழமை அப்பிடி ஓடேல்லை. சந்தேகம் வராதோ?" அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலு மணிக்கு நான் வாசிக்கத்தான் வேணும்."

நியாயமான பதில். திரும்பி நடக்கும்போது நான் அதைச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "போன கிழமை பறந்தது ஆர்?" என்றா.

"மூண்டாம் நம்பர். முதலாளிட சைக்கிள். உடையார்கட்டு நிரோஜன் ஓடினவன். மற்றவையெல்லாம் அவன்ர புழுதியைத்தான் திண்டவை."

"இண்டைக்குக் காலமை?"

யோசித்தேன். "இண்டைக்கு... ஆமை மாதிரிக் கடைசியில வந்தான்."

"கூடின வேகம் ஆவியாப் போகாது ஆண்டி. ஒரு இடத்தில குறைஞ்சா இன்னொரு இடத்தில கூடியிருக்கும்."

மூன்றாம் நம்பர் ஒரு பாலைமர நிழலில் நின்றது. நிரோஜன் அதன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். இருபது வயது இருக்கும், கையெல்லாம் கிறீஸ். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் சீற்றைத் தூக்கினா. உள்ளே கொம்பனிப் பெட்டி. அதைச் சுற்றிப் பச்சை டேப்.

நிரோஜனின் முகம் செத்துவிட்டது.

"அக்கா, சத்தியமா நான் மாத்தேல்லை! இதில சிங்கப்பூர்ப் பெட்டிதான் இருந்தது. முதலாளி போட்டவர். காலமை ஓடேக்கை இழுவையில்லை. முதலாளிட்டச் சொன்னன். வாயைப் பொத்திக்கொண்டு ஓடு எண்டு பேசினார்."

"அவர் ஏன் பேசினவர் தெரியுமோ? களவு போனது எண்டு சொன்னால், களவாப் போட்டது எண்டும் சொல்லவேணும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கள்ளனிடம் களவெடுத்தால் பொலிசும் இல்லை, முறைப்பாடும் இல்லை. இதைச் செய்தவன் பேய்க்காய், படு கெட்டிக்காரன்!

முதலாளியையும் ஒருதரம் பார்த்துவிட்டு வந்தோம். வானுக்குள் கப்புகளை அடுக்கி வைத்து, கதவைத் திறந்துவிட்டு, கதிரையில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூர்ப் பெட்டியா, அப்படியொன்று தான் கண்டதேயில்லை என்றார். சொல்லும்போது கழுத்து வியர்த்தது.

"தொண்ணூற்றேழில எங்க இருந்தனீங்கள் முதலாளி?" என்று அக்கா கேட்டா.

"கொழும்பில. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

திரும்பி வந்து நிரோஜனிடமும் அதையே கேட்டா. சோதனைச் சாவடியில் கேட்கிற கேள்வி மாதிரி அவன் மிரண்டு போனான்.

"உடையார்கட்டிலதான் அக்கா. வேற எங்க போறது?"

"அந்த நாளில உங்கட பக்கம் மோட்டார் சைக்கிள் எப்பிடி ஓடினது?"

இந்தக் கேள்விக்கு அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பெற்றோல் எங்க அக்கா! சண்டைக் காலம், ஆமி உள்ள விடாமல் தடையெல்லோ. மண்ணெண்ணெயிலதான் ஓடும். பிள்ளையளின்ர சூப்பிப் போத்தலில சொட்டுப் பெற்றோல் வைச்சிருப்பினம், ஸ்டார்ட் எடுக்க மட்டும் விடுறது. பிறகு மண்ணெண்ணெய். புகைதான், ஆனா ஓடும்."

"நிப்பாட்டேக்கை?"

"சாவியைத் திருப்பி நிப்பாட்டக் கூடாது. பைப்பைப் பூட்டிப்போட்டு விடவேணும். உள்ள நிக்கிற மண்ணெண்ணெய் எரிஞ்சு தானா அணையும். இல்லாட்டி அடுத்தநாள் உதைச்சு உதைச்சுக் கால் போயிடும். அப்பா ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் செய்வார்."

எனக்கு உச்சந்தலையில் மணி அடித்தது. பூட்டிய பைப், காய்ந்த காபரேற்றர், தானாக அணைந்த இஞ்சின். பைறூஸ் வளர்ந்தது புத்தளத்தில், முதலாளி இருந்தது கொழும்பில். அங்கெல்லாம் பெற்றோல் ஆறாக ஓடியது. பைப்பைப் பூட்டி இஞ்சினைச் சாகவிடுகிற கை வன்னிக்குள் கிடந்த கை. அந்தக் கை இதோ என் முன்னால் கிறீஸோடு நிற்கிறது!

"பிடிபட்டாயடா தம்பி!" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"விடு ஆண்டி," என்றா அக்கா. "நிரோஜன், என்ர சைக்கிள் வெயிலுக்க நிக்குது. ஒருக்கா நிழலுக்குக் கொண்டு வாறீரோ?"

அவன் போய் அக்காவின் சைக்கிளில் ஏறி வந்தான். மரத்தடியில் நிறுத்தினான். டக்கென்று சாவியைத் திருப்பினான். இஞ்சின் அணைந்தது. பைப் பக்கம் கையே போகவில்லை.

"எப்ப ஓடப் பழகினீர்?"

"பாதை திறந்த பிறகு அக்கா. அதுக்கு முன்னம் அப்பா தொடவும் விடமாட்டார்."

நான் சட்டையை விட்டேன். அவன் காலரை நீவியும் விட்டேன். என்ன செய்வது, அசட்டுச் சிரிப்பு ஒன்று இலவசம்தானே.

"கேட்டுத் தெரிஞ்சது வேற, கை பழகினது வேற," என்றா அக்கா. ஸ்பீக்கரில் பாட்டு நின்று, அறிவித்தல் வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் முகம் இறுகியது. "ஆண்டி, ஓடிப்போய் யோகநாதன் சேரை இஞ்ச கூட்டிக்கொண்டு வா. நடந்து வரவேண்டாம், அவரின்ர சைக்கிளில வரச்சொல்லு. கெதியா!"

"ஏன் சைக்கிளில? கூப்பிடு தூரம்தானே."

"நான் சொன்னதைச் செய்."

ஓடினேன். சேர் கையில் ஒரு கடதாசியோடு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் விசயத்தில் ஒரு பெரிய பிடி கிடைத்துவிட்டது, உடனே வாங்கோ சேர் என்றேன். அவர் யோசித்தார். பிறகு கடதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டுச் சைக்கிளை உதைத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

பாலைமரத்தடியில் பைறூஸும் ஷமீலாவும் வந்து நின்றார்கள். சேர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். நான் பின் சீற்றிலேயே இருந்தேன். இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சேர் அக்காவிடம், "என்ன பிள்ளை, என்ன பிடி?" என்று கேட்டபடி நடந்தார். எனக்குக் கீழே இஞ்சின் ஒருதரம் இருமியது. இன்னொருதரம் இருமியது. பிறகு மூச்சு விட்ட மாதிரி அடங்கிப்போனது.

"சேர், சாவியைத் திருப்ப மற..." என்று தொடங்கினேன்.

சாவி அப்படியே இருந்தது. என் முழங்காலுக்கு முன்னால், டாங்கிக்குக் கீழே, பைப் பூட்டியிருந்தது. வாயிலிருந்த கச்சான் தொண்டையில் சிக்கியது.

சேர் எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்கள் கண்கள் போன திக்கில் தன் சைக்கிளைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"பாதை திறந்து ரெண்டு வருசம் சேர்," என்றா அக்கா மெதுவாக. "பெற்றோல் தாராளமாக் கிடைக்குது. உங்கட கை இன்னும் நம்பேல்லை."

"கனபேர் பைப் பூட்டுவினம்," என்றார். குரலில் பலம் இல்லை.

"பூட்டுவினம். சாவியைத் திருப்பிப்போட்டுப் பூட்டுவினம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூண்டையும் ஏழையும் திறந்து பெட்டியை மாத்தினீங்கள். சரியா மாத்தினதோ எண்டு பார்க்க ஏழாம் நம்பரை ஓடவிட்டீங்கள். நிப்பாட்டேக்கை கை தன்ர பாட்டில போயிட்டுது. பச்சை டேப் சுத்தின பெட்டி மூண்டில இருக்கு. காட்டட்டோ?"

சேர் பாலைமரத்து வேரில் உட்கார்ந்தார். ஐந்து நிமிசத்துக்கு முன்னால் பார்த்த ஆள் இல்லை அவர்.

"ஏழையள் ஓடட்டும் எண்டுதான் இந்தப் போட்டியைத் தொடங்கினன்," என்றார். "போன வருசம் ஒருத்தனும் ஒரு ஆணி மாத்தேல்லை. இந்த வருசம் பெட்டி வந்திட்டுது. அதைப் பார்த்து முள்ளிவாய்க்கால் பொடியன் ஒருத்தன் தேப்பன்ர வள்ளத்து மெசினை வித்துப் பெட்டி தேடித் திரியிறான். அடுத்த வருசம் காசுக்காரரைத் தவிர ஒருத்தரும் ஓடேலாது. சட்டம் இருக்கு, இனி சீற்றைத் திறந்து சோதிப்பம் எண்டு கூட்டத்தில கேட்டன். அப்பிடி ஆர் போட்டிருக்கினம், காட்டு எண்டவை."

"முதலாளியைக் காட்டியிருக்கலாமே!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரைப் பிடிச்சால் கப் இல்லை, போட்டியே இல்லை. ஆரையாவது ஒருத்தனைப் பிடிச்சால் சோதனை வரும், போட்டியும் தப்பும் எண்டு நினைச்சன்."

"ஆரையாவது எண்டா ஏன் இவர்?" ஷமீலா முன்னால் வந்தாள். "இத்தனை பேருக்குள்ள ஏன் என்ட புருசன்?"

சேர் நிலத்தைப் பார்த்தார்.

"அவனுக்காகக் கேக்க இஞ்ச ஆள் இல்லை எண்டு நினைச்சன் பிள்ளை."

"நான் இருக்கன் சேர்," என்றாள் ஷமீலா.

பைறூஸ் எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து நான் இடையில் போனேன். அவன் என்னை விலக்கினான்.

"உங்களைத்தான் நான் நம்பியிருந்தன் சேர். மைக்கில என்ட பேரைச் சொல்லத்தானே வந்தீங்க. போய்ச் சொல்லுங்க. நடந்ததைச் சொல்லுங்க. வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

சேர் எழுந்தார். சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போனார். குளத்துத் தரை நெடுகச் சனம் அவருக்கு வழி விட்டது. ஸ்பீக்கர் கரகரத்தது. பைறூஸ் கண்ணை மூடிக்கொண்டான். ஷமீலா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"செயலாளர் யோகநாதன் கதைக்கிறன்." தொண்டையைச் செருமினார். "ஏழாம் நம்பர் சைக்கிளுக்குள்ள பெட்டியை வைச்சது நான். அந்தப் பெட்டி மூண்டாம் நம்பரில இருந்தது. பைறூஸில ஒரு பிழையுமில்லை. இண்டையோட நான் கழகத்தை விட்டுப் போறன்."

குளம் முழுக்கச் சந்தைக்கடை இரைச்சல். யாரோ கூவினார்கள். யாரோ கல் எறிந்தார்கள், நல்ல காலம் படவில்லை. கதிர்காமத்தம்பி முதலாளி சோடாப் போத்தலையும் விட்டுவிட்டு வானில் ஏறினார். கப்புகள் கடகடவென்று உருள வான் புழுதிக்குள் மறைந்தது.

"இனி வெல்லுறவனுக்கு என்ன குடுக்கிறது?" என்று நிரோஜன் கேட்டான். அவனுடைய சைக்கிளில் இன்னும் பைறூஸின் பச்சை டேப் பெட்டி.

"என்ர கச்சான் பொட்டலம் இருக்கு. அரைவாசிதான் முடிஞ்சது," என்றேன்.

அக்கா மூன்றாம் நம்பரைக் கைகாட்டினா. அவனும் பைறூஸும் பெட்டி மாற்ற ஓடினார்கள். சிங்கப்பூர்ப் பெட்டியை அக்கா கைப்பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டா. பைறூஸின் கராஜிலிருந்து ஒரு கொம்பனிப் பெட்டி நிரோஜனுக்குக் கடனாக வந்தது. சைக்கிள்கள் கோட்டுக்கு நகர ஆரம்பித்தன.

பைறூஸ் மட்டும் நகரவில்லை. ஏழாம் நம்பரின் மேல் இருந்தபடி வேப்பமரத்து ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகலாமா, போகக்கூடாதா என்று தெரியாத பார்வை.

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. அதே குரல்தான், அழுது களைத்திருந்தது. "கடைசியா ஒண்டு. பைறூஸ் எங்கையும் போகத் தேவையில்லை. ஏழாம் நம்பர் பைறூஸ், கோட்டுக்கு வரவும். உமக்காகத்தான் எல்லாரும் நிக்கினம்."

பைறூஸ் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "ஷமீலா," என்றான், "காலமை உன்னைச் சும்மா பேசிட்டன்..."

அவள் குனிந்து டாங்கிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள்.

"திறந்துதான் கிடக்கு," என்றாள். "போங்க."